தாய் 3 லிட்டர் கறந்தால் மகளும் கறப்பாளா? செம்மறிப் பால் கணக்கு

கொட்டகைக்காரன் | சுங்கை சிப்புட் | திங்கள், இரவு 9:52

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்குப் பின்னால் பழைய ரப்பர் நிலம் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. அதில் கொட்டகை போட்டு 22 பெட்டைச் செம்மறி வைத்திருக்கிறேன். (நம் ஊரில் 'பீரி பீரி' என்று சொன்னால்தான் தெரியும். 'ஆடு' என்றால் எல்லாரும் வெள்ளாடு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.) மாலின் (மலேசிய உள்ளூர் இனம்) ரத்தமும் பார்படோஸ் கறுப்புவயிறு என்ற இனமும் கலந்தவை. தொழிற்சாலையில் ஷிப்டு வேலை என்பதால் காலையில் மட்டும் கறக்கிறேன். பாலை அப்படியே விற்பதில்லை, தயிராக்கி விற்கிறேன். கத்தி வைத்து வெட்டுகிற மாதிரி நிற்கும். முதல் தடவை வாங்குகிறவர்கள் மாவு கலந்திருக்கிறேனா என்று கேட்கிறார்கள்.

பிரச்சினைக்கு வருகிறேன். ஒன்றரை வருடம் முன்பு ஒரு பொலிகிடா வாங்கினேன், 2,800 வெள்ளி (ரிங்கிட்). ஆவாசி என்ற கறவை இனத்தின் கலப்பு; காது தொங்கும், வால் கொழுத்திருக்கும். 'இதன் தாய் ஒரு நாளைக்கு 3 லிட்டர் கறந்தது' என்று சொல்லி விற்றார்கள். இப்போது அதன் மகள்கள் நாலு முதல் ஈத்து ஈன்றுவிட்டன. காலையில் 300 மில்லி, 350 மில்லி, அவ்வளவுதான்! என் பழைய பெட்டைகளே அதைவிடப் பரவாயில்லை. விற்றவரைக் கேட்டால் தீனி சரியில்லை என்கிறார்.

மந்தையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. 7-ஆம் நம்பர் 900 மில்லி கொடுக்கிறாள், 12-ஆம் நம்பர் 250. ஒரே கொட்டகை, ஒரே தீனி. 12-ஐக் கறிக்காரருக்குத் தள்ளிவிட்டு, 7-இன் போன ஈத்துக் கிடாக்குட்டியை அடுத்த பொலிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

---

ஜம்னாபாரி பாலா | சுங்கை பட்டாணி | திங்கள், இரவு 10:20

சரிதான் தம்பி, யோசிக்காதே. ரத்தம்தான் எல்லாம். 18 வருடமாக வெள்ளாடு வைத்திருக்கிறேன். நல்ல தாயின் கிடாவை வைத்தால் பால் வரும், இல்லையென்றால் வராது. உன்னை 3 லிட்டர் என்று ஏமாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். 12-ஐ விற்று வருகிற காசில் ஒரு நல்ல சானன் வெள்ளாடு வாங்கு. செம்மறியில் பால் கறப்பதே வீண் வேலை.

---

நேப்பியர் அக்கா | குளுவாங் | செவ்வாய், காலை 6:05

பாலா அண்ணன் வழக்கம்போல் தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் வழக்கைக் கேட்கிறார்.

தம்பி, 7 எப்போது ஈன்றாள், 12 எப்போது? எத்தனை குட்டி? குட்டிகள் இராத்திரி எங்கே படுக்கின்றன? எத்தனையாவது ஈத்து? தீனி என்ன போடுகிறீர்கள்? இதைச் சொல்லாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

---

கொட்டகைக்காரன் | செவ்வாய், மதியம் 2:40

அக்கா, 7 ஈன்று 4 வாரம். ஒரே குட்டி, மூன்றாம் நாளே செத்துவிட்டது. 12 ஈன்று 10 வாரம். இரட்டைக் குட்டி, இரண்டும் நன்றாக இருக்கின்றன, கொழுகொழுவென்று. குட்டிகள் எப்போதும் தாயோடுதான், தனியாக அடைப்பதில்லை. இரண்டுமே மூன்றாம் ஈத்து.

தீனி நேப்பியர் புல், மேய்ச்சல், அப்புறம் பிகேசி, அதாவது செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு. இங்கே மலிவாகக் கிடைக்கிறது. ஆளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் போடுகிறேன்.

---

நேப்பியர் அக்கா | செவ்வாய், மாலை 7:15

அட கடவுளே. தம்பி, உங்கள் 12-ஆம் நம்பர் அழாத குறைதான்.

7-க்குக் குட்டியே இல்லை. அவள் 24 மணி நேரமும் சேர்த்துவைத்ததை நீங்கள் காலையில் மொத்தமாக எடுக்கிறீர்கள். போதாததற்கு ஈன்று 4 வாரம். செம்மறிக்குப் பால் உச்சத்தில் இருக்கிற நேரமே அதுதான், 3-ஆவது வாரத்திலிருந்து 5-ஆவது வாரம் வரை. 12 அதைத் தாண்டி இறக்கத்தில் இருக்கிறாள். அவள் பாலை இரண்டு குட்டிகள் இராத்திரி பூராவும் குடித்துத் தீர்த்தபிறகு அடியில் மிஞ்சியதைத்தான் காலையில் அளந்திருக்கிறீர்கள். அந்த 250 மில்லி மிச்சம் தம்பி, அவள் பால் இல்லை.

செம்மறிக்குட்டி ஒரு கிலோ எடை கூட ஏறக்குறைய 5 லிட்டர் பால் வேண்டும். முதல் மாதத்தில், புல் கடிக்கிற வயதுக்கு முன்னால், 12-இன் குட்டிகள் ஆளுக்குத் தினம் 120 கிராம் ஏறியிருந்தால்கூட 240 கிராம். அதாவது ஒரு நாளைக்கு 1.2 லிட்டர் பால் குட்டிகளுக்கே போயிருக்கிறது. அவளையா கறிக்காரருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?

இரண்டாவது விஷயம் இதைவிட அவசரம். பிகேசியை நாளைக்கே குறையுங்கள். அதில் செம்பு அதிகம், கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டும். மாடு தாங்கும், வெள்ளாடும் ஓரளவு தாங்கும், செம்மறி தாங்காது. ஈரலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே இருக்கும், வெளியில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் லோரியில் ஏற்றுவது, மழையில் நனைவது என்று ஏதாவது அதிர்ச்சி வந்தால் எல்லாம் ரத்தத்தில் கொட்டிவிடும். எனக்கு ஒரே வாரத்தில் மூன்று போயின. முந்தின நாள் வரைக்கும் நன்றாகத் தின்றவை. காலையில் போய்ப் பார்த்தால் கண்ணும் ஈறும் மஞ்சள், சிறுநீர் தேத்தண்ணி நிறம். விற்ற கடைக்காரர் 'ஆட்டுத் தீனி' என்றுதான் சொல்லிக் கொடுத்தார். எந்த ஆடு என்று நானும் கேட்கவில்லை.

---

ஜம்னாபாரி பாலா | செவ்வாய், இரவு 8:02

குட்டி விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். அதை அவர் முதலில் சொல்லவில்லையே. ஆனால் கிடா விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

---

ஊசிக்காரி | செர்டாங் | செவ்வாய், இரவு 11:48

இங்கே சிலர் என்னை டாக்டரம்மா என்று கூப்பிடுகிறீர்கள், இன்னும் ஆகவில்லை, கடைசி வருடம்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு ஊசி தேவையில்லை, கணக்குதான் தேவை.

ஒரு மந்தையில் ஆட்டுக்கு ஆடு பால் வித்தியாசப்படுகிறது. அந்த வித்தியாசத்தில் எத்தனை பங்கு பரம்பரையாகக் குட்டிக்குக் கடத்தக்கூடிய மரபால் வந்தது, இதைத்தான் ஹெரிட்டபிலிட்டி என்பார்கள். மரபுப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். கறவைச் செம்மறியில் பால் அளவுக்கு இது பெரும்பாலும் 0.2-இலிருந்து 0.3 வரை வருகிறது. பிரான்சின் லக்கோன், ஸ்பெயினின் சுர்ரா, இத்தாலியின் சார்டா என்று பல இனங்களில் பார்த்திருக்கிறார்கள். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதாவது உங்கள் மந்தையில் தெரிகிற ஏற்றத்தாழ்வில் முக்கால் பங்கு வேறு எங்கிருந்தோ வருகிறது: எத்தனையாவது ஈத்து, எத்தனை குட்டி, ஈன்று எத்தனை நாள், என்ன தீனி, எத்தனை புழு, மடி எப்படி, யார் எப்படிக் கறந்தார்கள்.

பாலில் உள்ள கொழுப்பு சதவீதம், புரதச் சதவீதம் இரண்டுக்கும் மரபுப் பங்கு அதிகம், 0.4, 0.5 என்று போகும். ஆனால் பால் அளவு கூடினால் கொழுப்புச் சதவீதம் இறங்குகிற பக்கம்தான் மரபு இழுக்கும். நீங்கள் தயிர் விற்கிறவர். செம்மறிப் பாலில் கொழுப்பு 6, 7 சதவீதம், புரதம் 5-க்கு மேல் இருப்பதால்தான் உங்கள் தயிர் கத்திக்கு நிற்கிறது. மாட்டுப் பாலில் இவை 4-க்கும் 3-க்கும் பக்கம்தான். லிட்டரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பத்து வருடம் கழித்துத் தயிர் ஓட ஆரம்பிக்கும்.

மடிநோய்க்கு அடையாளமான உடலணு எண்ணிக்கைக்கு மரபுப் பங்கு 0.1 சொச்சம். சினை பிடிப்பது, இரட்டை போடுவது இதெல்லாம் அதைவிடவும் குறைவாகவோ அதே அளவோ இருக்கும். இவற்றைக் கிடா வாங்கிச் சரிசெய்ய நினைத்தால் பேரன் காலம் ஆகிவிடும்.

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இரட்டைக் குட்டி சுமந்த தாய்க்கு இயல்பாகவே பால் அதிகம். நச்சுக்கொடி பெரிதாக இருக்கும், அதிலிருந்து வரும் ஹார்மோன் மடியை அதிகம் வளர்க்கும். பிறந்தபிறகு இரண்டு வாய் மாறி மாறிக் காலி செய்வதால் சுரப்பும் கூடும். குட்டி தாயோடு இருக்கும்போது நீங்கள் கறந்தால் அவள் பாலை அடக்கிக்கொள்வாள். அடங்குவது மேல்பகுதிப் பால், கொழுப்பு அதிகம் உள்ளதும் அதுதான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் இதைத் தெளிவாகவே பார்த்திருக்கிறார்கள்: பகலில் குட்டியோடு விட்டு, இராத்திரி பிரித்து, காலையில் கறந்த பாலில் கொழுப்பு குறைந்து வந்தது. ஆக 12-இன் பாலை நீங்கள் பார்க்கவே இல்லை.

---

ஜம்னாபாரி பாலா | புதன், காலை 7:30

எல்லாம் சரிம்மா. பிறகு ஏன் ஈஸ்ட் ஃபிரீசியன் செம்மறி 500, 600 லிட்டர் கறக்கிறது, நம்ம ஊர் மாலின் குட்டிக்கு ஊட்டுவதோடு சரி? தீனியாலா? மாலினுக்கு ஜெர்மனித் தீனி போட்டால் 600 லிட்டர் வருமா? ரத்தம் இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

---

முன்னாள் கிராணி | சுங்கை சிப்புட் | புதன், மாலை 5:10

பாலா கேட்பது நல்ல கேள்வி. இதற்கு நான் பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, வைத்துப் பதில் சொல்கிறேன். ஆட்டுப்பால் எனக்குத் தெரியாது, மரத்துப்பாலைத் தோட்டத்துக் கணக்கில் 31 வருடம் எழுதியிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பெரிய காடு முழுக்க ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ஒரே ரப்பர் வகை. ஒட்டுக்கட்டிய மரங்கள், பட்டையில் அத்தனையும் ஒரே ரத்தம். அண்ணன் தம்பிகூட இல்லை, ஒரே ஆள்தான் ஆயிரம் மரமாக நிற்கிறான். அப்படியானால் எல்லா வாளியிலும் ஒரே அளவு பால் வரவேண்டும் இல்லையா? வராது. ஸ்டோரில் நான் எடை எழுதும்போது ஒருவர் கொண்டுவருவதில் பாதிகூட இன்னொருவர் கொண்டுவரமாட்டார். இருட்டோடு வெட்டியவருக்குப் பால் நிற்காமல் வடியும், எட்டு மணிக்கு மேல் வெட்டியவருக்குச் சீக்கிரம் நின்றுவிடும். மேட்டுக்காடு, பள்ளக்காடு. பட்டையைக் காயப்படுத்தியவர், படுத்தாதவர். இலை உதிர்கிற மாதம் வந்தால் எல்லாருக்கும் விழும்.

அந்தக் காட்டுக்குள் மரத்துக்கு மரம் இருந்த வித்தியாசத்தில் வெட்டும் மரத்தின் ரத்தத்துக்குப் பங்கே இல்லை. ஆனால் பக்கத்தில் பழைய கொட்டைமரக் காடு ஒன்று இருந்தது, விதை போட்டு முளைத்தவை. அந்தக் காட்டையும் 600 காட்டையும் ஒப்பிட்டால் வித்தியாசம் ரத்தத்தில்தான். பாலா சொல்வது காட்டுக்கும் காட்டுக்கும் உள்ள வித்தியாசம். அந்தப் பெண் சொல்வது ஒரே காட்டுக்குள் உள்ள வித்தியாசம். இரண்டுமே உண்மை, இரண்டும் வேறு கேள்வி.

இன்னொன்று. வாளியில் தண்ணீர் கலந்து எடையைக் கூட்டுகிறவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். அதற்காகத்தான் மெட்ரோலேக் குழாயைப் போட்டு எத்தனை சதவீதம் ரப்பர் என்று பார்ப்போம், காசு காய்ந்த எடைக்குத்தான். தயிர் விற்கிறவரும் அப்படித்தான் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

---

ஊசிக்காரி | புதன், இரவு 10:30

ஐயா, எங்கள் விரிவுரையாளர் மூன்று வாரம் நடத்தியதை ஒரே பதிவில் முடித்துவிட்டீர்கள்.

பாலா அண்ணே, மாலினுக்கு ஜெர்மனித் தீனி போட்டாலும் 600 வராது. ஈஸ்ட் ஃபிரீசியனைக் கொண்டுவந்து இங்கே கட்டினாலும் 600 வராது. குளிர் நாட்டு உடம்பு அது. வெயிலில் தீனி இறங்காது, நுரையீரல் நோய் சுலபமாகப் பிடிக்கும். மத்தியதரைக் கடல் நாடுகளில்கூடத் தூய இனம் சரியாக நிற்கவில்லை. அதனால்தான் இஸ்ரேலில் 1950-களில் அதை அங்குள்ள ஆவாசியோடு கலந்து அசாஃப் என்று ஓர் இனத்தை உருவாக்கினார்கள்.

இப்போது அந்த 3 லிட்டர் தாய். உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அவள் இருந்த மந்தையின் சராசரி எவ்வளவு? அதைத்தான் யாரும் சொல்லமாட்டார்கள். 2 லிட்டர் என்று வைப்போம். அவள் 1 லிட்டர் கூடுதல். அந்தக் கூடுதலில் மரபு சுமார் 0.3 லிட்டர். மகனான உங்கள் கிடாவுக்கு அதில் பாதி, 0.15. கிடாவின் மகளுக்கு அதிலும் பாதி, 0.075. ஒரு நாளைக்கு 75 மில்லி. தே தாரேக் (தேத்தண்ணி) கிளாசில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! நீங்கள் 2,800 வெள்ளி கொடுத்தது, இனக் கலப்பால் வரும் ஆதாயத்தை ஒதுக்கிவைத்தால், இதற்குத்தான்.

அந்தத் தாய் ஒரே ஈத்தில் ஒரே நாளில் கறந்ததைச் சொல்லாமல் மூன்று ஈத்துச் சராசரியைச் சொல்லியிருந்தால் நம்பிக்கை கூடும். ஒரே பெட்டை ஈத்துக்கு ஈத்து ஒரே மாதிரி கறக்கிற போக்கு 0.4, 0.5 வரை இருப்பதால், மூன்று ஈத்துக் கணக்கு இருந்தால் அந்த 0.3 கிட்டத்தட்ட 0.47 ஆகும். பேத்திக்கு 75 மில்லி என்பது 120 ஆகலாம்.

இதில் உங்களுக்கு உடனே பயன்படுவது இன்னொன்று. இந்த ஈத்தில் சரியாக அளந்து மோசமாக இருப்பவள் அடுத்த ஈத்திலும் மோசமாக இருக்க வாய்ப்பு நிறையவே உண்டு. ஆகவே பெட்டையைக் கழிப்பதில் பலன் அடுத்த வருடமே தெரியும். கிடாவில் தெரிய மூன்று, நாலு வருடம் ஆகும்.

---

கொட்டகைக்காரன் | வியாழன், காலை 5:50

ஷிப்டு முடிந்து வந்து படித்தேன். 75 மில்லியைப் பார்த்து என் வீட்டுக்காரி சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஆனால் மகள்கள் 75 மில்லி கூடுதலாகக்கூடக் கறக்கவில்லையே, குறைவாகத்தானே கறக்கின்றன? அப்போது ஏமாற்றிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? விற்றவர் பெயரையும் இடத்தையும் போட்டுவிடவா? மற்றவர்களாவது தப்பிப்பார்கள்.

---

மட்டறுத்துநர் | வியாழன், காலை 8:15

வேண்டாம். விற்றவர் பெயர், கடைப் பெயர், கைப்பேசி எண் எதுவும் இங்கே வேண்டாம். நாலு மகளை வைத்து யாருடைய பிழைப்பையும் கெடுக்க முடியாது. விவாதம் தொடரட்டும்.

---

ஊசிக்காரி | வியாழன், மதியம் 1:05

மட்டறுத்துநர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நாலு மகள் என்பது நிஜமாகவே போதாது. கிடா பால் கொடுப்பதில்லை, அவன் மகள்களை வைத்துத்தான் அவனை அளக்கவேண்டும். மரபுப் பங்கு 0.3 என்றால், நாலு மகளின் கணக்குக்கு நம்பகம் நூற்றுக்கு 25 பக்கம். 20 மகள் இருந்தால் 60-ஐத் தாண்டும். அந்த 20-உம் ஒரே கொட்டகையில் ஒரே ஆள் கறந்ததாக இல்லாமல் பல மந்தைகளில் இருந்தால் இன்னும் நல்லது.

அதோடு, உங்கள் நாலும் முதல் ஈத்து. பழைய பெட்டைகள் மூன்றாம் ஈத்து. செம்மறி மூன்றாம், நாலாம் ஈத்தில்தான் உச்சத்துக்கு வரும். கன்னி ஈத்தில் உடம்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், மடியும் சின்னது. மகளைத் தாயோடு ஒப்பிடாதீர்கள். அதே மாதம் முதல் ஈத்து ஈன்ற, வேறு கிடாவுக்குப் பிறந்த பெட்டையோடு ஒப்பிடுங்கள். இருக்கிறதா?

---

கொட்டகைக்காரன் | வியாழன், மதியம் 2:20

இரண்டு இருக்கின்றன. 280, 310.

---

நேப்பியர் அக்கா | வியாழன், மதியம் 2:31

பார்த்தீர்களா. கிடாவின் மகள்கள் 300, 350.

---

ஜம்னாபாரி பாலா | வியாழன், மாலை 6:40

ஹா ஹா, அப்போது ரத்தம் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்!

---

ஊசிக்காரி | வியாழன், இரவு 9:00

இரண்டையும் நாலையும் வைத்துக்கொண்டா அண்ணே? கிடா கெட்டவன் என்று சொல்ல முடியாத மாதிரியே நல்லவன் என்றும் சொல்ல முடியாது.

ரத்தத்தை நான் குறைத்துப் பேசவில்லை. லக்கோனைப் பாருங்கள். ராக்ஃபோர்ட் பாலாடைக்கட்டிக்கு அந்த இனத்தின் பாலைத்தான் எடுக்கிறார்கள். 1960 வாக்கில் ஒரு பெட்டைக்கு ஓர் ஈத்துக்கு 80 லிட்டர் பக்கம்தான் வந்தது. 1990-களின் கடைசியில் 270. தீனியும் கறவை இயந்திரமும் ஒரு பங்கு. ஆனால் பெரிய வேலையைச் செய்தது கணக்கு. ஆயிரக்கணக்கான மந்தைகளில் பாலை அளந்து எழுதி, இளம் கிடாக்களை மகள்களை வைத்துச் சோதித்து, தேறியதன் விந்தை மட்டும் பரப்பினார்கள். வருடத்துக்கு வருடம் கொஞ்சம்தான் ஏறியது, நாற்பது வருடத்தில் மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. 0.3 சின்ன எண் என்று நினைக்காதீர்கள். எழுதிவைக்கிறவனுக்கு அது பெரிய எண்.

---

ஜம்னாபாரி பாலா | வியாழன், இரவு 9:25

சரி, நாமும் விந்து வாங்கிப் போடலாமே? மாட்டுக்குப் போடுவது போல.

---

ஊசிக்காரி | வியாழன், இரவு 9:41

மாட்டுக்குப் போடுவது போல் முடியாது, அதுதான் சிக்கல். செம்மறியின் கருப்பை வாய் திருகுத் திருகாக மடிந்திருக்கும், குழாய் உள்ளே போகாது. உறைந்த விந்தை வாயிலேயே விட்டால் சினை பிடிப்பது குறைவு. வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கருப்பைக்குள் நேராக விடலாம், அதற்குக் கால்நடை மருத்துவரும் கருவியும் வேண்டும். பிரான்சில் புதிதாக எடுத்த விந்தைத்தான் அன்றன்றே பயன்படுத்துகிறார்கள். 22 பெட்டைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது. நாலைந்து பேர் சேர்ந்து கிடாக்களை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது நடக்கிற காரியம். அதில் இன்னொரு லாபமும் உண்டு, அப்பனே மகள்மேல் ஏறுகிற நிலை வராது. கொட்டகைக்கார அண்ணே, 7-இன் மகன் யாருக்குப் பிறந்தவன்? இப்போதுள்ள கிடாவுக்கா?

---

கொட்டகைக்காரன் | வெள்ளி, காலை 6:15

ஆமாம். யோசிக்கவே இல்லை. அந்த நாலு மகள்களும் அவனுக்குத் தகப்பன்வழித் தங்கைகள்தான்.

அவனை விற்றுவிடுகிறேன். கணக்கு எப்படி எழுதுவது என்று யாராவது சொல்லுங்கள். எக்செல் எல்லாம் எனக்கு வராது.

---

முன்னாள் கிராணி | வெள்ளி, மாலை 4:30

எக்செல் எதற்கு? நூறு பக்க நோட்டு போதும். தோட்டத்து செக்ரோல் (ஆள் வருகைப் பதிவேடு) மாதிரி போடுங்கள். இடது ஓரத்தில் ஆட்டு நம்பர், மேலே தேதி. தினமும் எழுதவேண்டாம், தினமும் எழுதுகிறேன் என்று ஆரம்பித்தவன் மூன்றாம் வாரம் பொய் எழுதுவான். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள், அதே நாள், அதே நேரம். முதல் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஈன்ற தேதி, எத்தனையாவது ஈத்து, எத்தனை குட்டி, அப்பன் யார், தாய் யார். இது இல்லாமல் எடையை மட்டும் எழுதினால் அது கணக்கு இல்லை, கிறுக்கல்.

---

நேப்பியர் அக்கா | வெள்ளி, இரவு 8:50

அளக்கிற முறை: முந்தின நாள் மாலை 7 மணிக்கு மடியைக் காலி செய்துவிட்டுக் குட்டிகளைப் பக்கத்து அடைப்பில் போடுங்கள், தாய் பார்க்கிற மாதிரி, குடிக்க முடியாத மாதிரி. காலை 7 மணிக்குக் கறந்து சமையல் தராசில் வையுங்கள். 12 மணி நேரப் பால். மில்லி கோட்டை நம்பாதீர்கள், நுரை ஏமாற்றும். கிராமில் எழுதுங்கள்.

கறப்பதற்கு முன்னால் கீழ் இமையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் சரி, வெளுத்திருந்தால் வயிற்றில் ரத்தம் குடிக்கிற புழு. நம் ஊரில் வெயிலும் மழையும் சேர்ந்தே இருப்பதால் புழுக்கை விழுந்து ஒரு வாரத்தில் புல்லில் புழு ஏறத் தயாராகிவிடும். ஈன்ற நேரத்தில் தாய்க்கு எதிர்ப்புச் சக்தி விழும், அப்போதுதான் புழு பெருகும், அதே நேரத்தில்தான் நாம் பாலும் கேட்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை மாதாமாதம் ஊற்றாதீர்கள், மலேசியாவில் பல பண்ணைகளில் அந்தப் புழுக்கள் மருந்துக்குப் பழகிவிட்டன. வெளுத்ததுக்கு மட்டும் ஊற்றுங்கள். மேய்ச்சலைத் துண்டு துண்டாகக் கட்டி ஒரு துண்டில் மூன்று நாலு நாள், பிறகு அதற்கு ஒரு மாதம் ஓய்வு.

தீனியைக் கூட்டவேண்டிய காலம் ஈன்ற பிறகு இல்லை, ஈனுவதற்கு ஆறு வாரம் முன்னால். குட்டி வயிற்றுக்குள் பெரிதாவதும் மடி கட்டுவதும் அப்போதுதான். பிகேசிக்குப் பதில் சோயாச் சக்கை, மரவள்ளி இலையை வாடவைத்து, கிளிரிசிடியா தழை. நான் அப்படித்தான் போடுகிறேன்.

---

கொட்டகைக்காரன் | ஞாயிறு, காலை 10:20 (நாலு வாரம் கழித்து)

நாலு ஞாயிறு அளந்துவிட்டேன். இன்றைக்கு நாலாவது. நோட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

12: 540, 560, 520, 535 கிராம்.
7: 510, 470, 395, 330 கிராம்.

12 இப்போது ஈன்று 14 வாரம்! இரட்டைக் குட்டிகள் இன்னும் பகலில் அவளிடம்தான் குடிக்கின்றன. 7 ஈன்று 8 வாரம். கறிக்காரர் வந்திருந்தார், 12-ஐத்தான் கேட்டார், நான்தான் முன்பு சொல்லியிருந்தேனே. 7-இன் மகனைக் காட்டினேன். எடை போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நாலு மகள்களும் 390-இலிருந்து 440 வரை, மற்ற இரண்டு 360-உம் 400-உம். முன்பைவிட ஏறியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். கிராணி ஐயா நேரில் வந்து நோட்டைப் பார்த்துவிட்டு, 'முன்பு அளந்தது அளவே இல்லை, எதோடு ஒப்பிடுகிறீர்கள்?' என்று கேட்டுவிட்டார். சரிதான். கிடாவை இன்னும் ஒரு வருடம் வைத்திருக்கப் போகிறேன், மகள்கள் இன்னும் ஆறு சினையாக இருக்கின்றன. பிகேசியை நிறுத்திவிட்டேன், இமை வெளுத்திருந்த மூன்றுக்கு மட்டும் மருந்து ஊற்றினேன். தயிர் கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, கேட்காமலே பத்து டப்பா கூடக் கேட்டார்.

இப்போது 7 தான் கவலை. ஏன் வாராவாரம் விழுகிறது என்று இன்றைக்கு இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கறந்து பார்த்தேன். இடது 245, வலது 85. வலது மடி கையில் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது, சூடு இல்லை, வலியும் இல்லை, பால் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தண்ணீரில் கரைத்து, பாலும் அதுவும் சரிபாதியாகத் தட்டில் சுழற்றிப் பார்த்தேன். இடது பால் தண்ணீர் மாதிரி ஓடியது, வலது பால் கஞ்சி மாதிரி இழுத்தது.

குட்டி செத்ததிலிருந்து வலது பக்கத்தை நான்தான் சரியாகக் காலி செய்யாமல் விட்டிருக்கிறேனோ என்னவோ, அந்தப் பக்கம் சுவரோரம், கை எட்டாது. யாரிடமாவது மடிநோய் பார்க்கிற கலிபோர்னியா சோதனைத் திரவம் இருக்கிறதா? சனிக்கிழமை ஈப்போ வருவேன், வந்து வாங்கிக்கொள்கிறேன்.

---

ஊசிக்காரி | ஞாயிறு, காலை 10:44

திரவத்துக்காகச் சனிக்கிழமை வரை காத்திருக்கவேண்டாம் அண்ணே, கஞ்சி மாதிரி இழுத்தால் அதுவே பதில். நாளைக் காலையில் சுத்தமான போத்தலில் வலது பக்கப் பால் எடுத்துக்கொண்டு மாவட்டக் கால்நடை இலாகாவுக்குப் போங்கள். முதல் இரண்டு பீச்சைக் கீழே விட்டுவிடுங்கள். அவளை இனிமேல் கடைசியாகக் கறங்கள், கறந்த கையோடு 12-ஐத் தொடாதீர்கள்.

---

கொட்டகைக்காரன் | ஞாயிறு, காலை 10:51

இத்தனை நாளும் 7-ஐத்தான் முதலில் கறந்தேன்.